ப்ளே ஸ்டோரை எடுத்த பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கோடை லீவு விட்டதும் மதுரை சிம்மக்கல் பக்கம் இருக்கும் எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரே கோரிக்கையோடு ஆள்கள் வரத் தொடங்குவார்கள். "அண்ணே, இந்த ப்ளே ஸ்டோரைத் தூக்கி விட்ருங்க. பிள்ளைக கண்டதையும் ஏத்தி வைக்குதுக." மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று எங்கிருந்து வந்தாலும் பேச்சு இதுதான். தூக்குவது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு வரும் தொந்தரவுகளுக்குத்தான் அதே போன் திரும்பக் கடைக்கு வருகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

ப்ளே ஸ்டோரை டிஸேபிள் செய்வது கதவைச் சாத்தி வைப்பது மாதிரி. தாழ்ப்பாளைத் தனியாகப் போட வேண்டும். கீழே வரும் பாதிக் கோளாறுகள் இந்த ஒன்றை விட்டுவிட்டதால் வருபவை.

கை வைப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம். போனில் இருக்கும் கூகுள் கணக்கின் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் முதலில் அதை மீட்டெடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இரண்டாவது, ஆப்ஸ் பட்டியலில் "கூகுள் ப்ளே ஸ்டோர்", "கூகுள் ப்ளே சர்வீசஸ்" என்று இரண்டு இருக்கும். ஸ்டோரை அணைக்கலாம். சர்வீசஸைத் தொடாதீர்கள். அதை அணைத்தால் மேப், நோட்டிபிகேஷன், வாட்ஸ்அப் பேக்கப், கணக்கு ஒத்திசைவு எல்லாம் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். ஏற்கெனவே அணைத்திருந்தால் கீழே எதையும் படிக்க வேண்டாம், போய் அதை எனேபிள் செய்துவிட்டுப் போனை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதிப் பேருக்கு அத்தோடு வேலை முடிந்துவிடும்.

■ டிஸேபிள் பட்டனை அழுத்த முடியவில்லை, அல்லது பட்டனே இல்லை

வழக்கமான பாதை: செட்டிங்ஸ், ஆப்ஸ், எல்லா ஆப்ஸும், கூகுள் ப்ளே ஸ்டோர், டிஸேபிள். போன் தமிழில் இருந்தால் "முடக்கு" என்று காட்டும். "மற்ற ஆப்ஸ் சரியாக இயங்காமல் போகலாம்" என்று எச்சரிக்கும், ஒத்துக்கொண்டால் ஐகான் மறைந்துவிடும்.

பட்டன் மங்கலாக இருந்தால் முதலில் அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு "அப்டேட்களை நீக்கு" என்பதைக் கொடுங்கள். சில போன்களில் ஆலையிலிருந்து வந்த பழைய பதிப்புக்குத் திரும்பிய பிறகுதான் டிஸேபிள் உயிர் பெறும்.

அப்போதும் மங்கலாகவே இருந்தால், "நிர்வாகி இதைத் தடுத்திருக்கிறார்" என்ற மாதிரி ஏதாவது வாசகம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

- அலுவலகமோ பள்ளியோ டியூஷன் நிறுவனமோ கொடுத்த போன் அல்லது டேப். கட்டுப்பாடு அவர்கள் கையில். கொடுத்தவர்களிடம் கேட்பதுதான் வழி, கடைக்காரர் கை வைக்கக் கூடாது.
- தவணையில் வாங்கிய போன். கடன் கொடுத்தவர்கள் பூட்டும் ஆப் ஒன்றை ஏற்றியிருப்பார்கள். தவணை முடிந்து, கடன் தீர்ந்த கடிதம் வாங்கிய பிறகும் அது இருந்தால் அவர்களிடம் நீக்கச் சொல்லுங்கள். தவணை பாக்கி இருக்கும்போதே அதை உடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போன் முழுதாகப் பூட்டிக்கொள்ளும்.
- பெற்றோர் கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளையின் கணக்கு. பெற்றோர் போனிலிருந்துதான் மாற்ற முடியும்.

எந்த வாசகமும் வராமல் பட்டனே இல்லாவிட்டால் அது அந்த பிராண்டின் வடிவமைப்பு. கம்ப்யூட்டரில் இணைத்து, கட்டளை கொடுத்து அந்தப் பயனருக்கு மட்டும் ஸ்டோரை எடுத்துவிடலாம். இது ரூட் செய்வது (போனின் மென்பொருள் பூட்டை உடைத்து முழு அதிகாரம் எடுப்பது) அல்ல, வாரன்டிக்குப் பிரச்சினை வராது, ரீசெட் அடித்தால் ஸ்டோர் திரும்ப வந்துவிடும். பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் தெரிந்தவரைக் கூப்பிடலாம். வேலை முடிந்ததும், அதற்காகத் திறந்த டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் (மென்பொருள் எழுதுபவர்களுக்கான செட்டிங்ஸ்) யூஎஸ்பி டீபக்கிங்கையும் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்க விடும் வசதி) அணைத்துவிட்டாரா என்று கேட்டு வாங்குங்கள். அது திறந்திருந்தால் சில வங்கி ஆப்ஸ் உள்ளேயே விடாது. "ரூட் பண்ணித்தான் எடுக்கணும்" என்று சொல்லும் கடையில் போனைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

■ அணைத்து வைத்தேன், பையன் திரும்ப எடுத்துவிட்டான்

அதிகம் வரும் புகார் இதுதான். பையன் பெரிதாக எதுவும் செய்திருக்க மாட்டான். செட்டிங்ஸில் போய் அதே பக்கத்தில் "எனேபிள்" என்று ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு அதற்குப் பாஸ்வேர்டு கேட்பதில்லை. வேறு ஏதாவது ஆப் "ப்ளே ஸ்டோரை எனேபிள் செய்யவும்" என்று கேட்டு, அதைத் தொட்டதாலும் திறந்திருக்கலாம்.

இலேசான வழியிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் கைரேகைப் பட்டியலைப் பாருங்கள். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் எத்தனை விரல் பதிந்திருக்கிறது? பல அப்பாக்களின் போனில் மகனின் கட்டைவிரலும் சேர்ந்தே பதிந்திருக்கிறது. புது போன் வாங்கிய அன்று ஆசையாகப் பதிந்தது, அப்படியே கிடக்கிறது. அது இருக்கும்வரை நீங்கள் எதைப் பூட்டினாலும் அவனுக்கும் திறக்கும். தெரியாத ரேகைகளை நீக்கிவிட்டுப் பின் நம்பரை மாற்றுங்கள். கோடு இழுக்கும் பேட்டர்னை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

அடுத்து ஆப் லாக். ஷாவ்மி, ரியல்மி, ஓப்போ, விவோ போன்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. பிரைவசி, செக்யூரிட்டி, ஆப்ஸ் என்று பிராண்டுக்கு ஓர் இடத்தில் வைத்திருப்பார்கள். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் பெட்டியில் "லாக்" என்று போட்டால் அகப்படும். ப்ளே ஸ்டோரைப் பூட்டுங்கள், பட்டியலில் செட்டிங்ஸ் இருந்தால் அதையும் பூட்டுங்கள். ஆப் லாக்குக்கு வைக்கும் எண் போனைத் திறக்கும் எண்ணாக இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் பூட்டிவிட்டால் ஸ்டோரை அணைக்கவே தேவையில்லை. அப்டேட்டும் தடையில்லாமல் ஓடும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சாம்சங்காக இருந்து, பிள்ளை சின்னதாக இருந்தால் "சாம்சங் கிட்ஸ்" போதும். அதற்குள் நீங்கள் அனுமதித்தது மட்டுமே தெரியும், வெளியே வரப் பின் நம்பர் வேண்டும். அரை மணி நேரம் கார்ட்டூன் பார்க்கத் தருவதற்கு ஆப் பின்னிங்கும் நல்லது. ஆண்ட்ராய்டு 5 முதல் இருக்கிறது. ஒரு ஆப்பை மட்டும் திரையில் நிறுத்தி வைக்கும். "வெளியேறப் பின் நம்பர் கேள்" என்பதைச் சேர்த்து ஆன் செய்தால்தான் பயன்.

பிள்ளைக்கென்று தனிப் போன் என்றால், பெற்றோர் கட்டுப்பாட்டுக்காகக் கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் ஆப்தான் சரி. பிள்ளையின் பிறந்த தேதியைச் சரியாகக் கொடுத்துத் தனிக் கூகுள் கணக்கு தொடங்கி, அந்தப் போனில் ஏற்றுங்கள். அப்பாவின் கணக்கு அதே போனில் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் செய்ததெல்லாம் வீண். உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் ஆப்பைத் திறந்து, கூகுள் ப்ளே பகுதியில் "எல்லாவற்றுக்கும் அனுமதி தேவை" என்று வையுங்கள். அதன் பிறகு பிள்ளை எதை இறக்கப் போனாலும் உங்கள் போனுக்குக் கேள்வி வரும். ஆப் வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் ஒரு பேச்சு நடக்க அது வழி விடுகிறது. பூட்டை மட்டும் நம்புவதைவிட அது நல்லது என்று மனதார நினைக்கிறேன்.

வயதைக் கூட்டிப் போட்டுத் தொடங்கிய பழைய கணக்கில் பிள்ளை இருந்தாலும், அப்பாவின் கணக்குப் பாஸ்வேர்டே யாருக்கும் நினைவில்லை என்றாலும் நிதானமாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. அவசரப்பட்டு ரீசெட் அடிக்காதீர்கள். தெரிந்த ஒருவரிடம் கொண்டு போங்கள்.

■ ப்ளே ஸ்டோர் இல்லை, ஆனாலும் புது ஆப் வந்து விழுகிறது

முதலில் ப்ளே ஸ்டோர் இன்னும் அணைந்துதான் இருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் வேறு வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். வாசல்கள் இவை:

பிராண்டின் சொந்தக் கடை. சாம்சங்கில் கேலக்ஸி ஸ்டோர், ஷாவ்மியில் கெட்ஆப்ஸ் அல்லது இண்டஸ் ஆப்ஸ்டோர், ஓப்போவிலும் ரியல்மியிலும் ஆப் மார்க்கெட், விவோவில் வி-ஆப்ஸ்டோர். ப்ளே ஸ்டோரை மூடுகிறவர்கள் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதே ஆப்ஸ் பட்டியலில் போய் இதையும் அணையுங்கள். சில மாடல்களில் அணைக்க விடாது. அப்போது கடைக்குள் போய் ஆட்டோ அப்டேட்டையும் நோட்டிபிகேஷனையும் நிறுத்தி, அந்த ஆப்பை ஆப் லாக்கில் போடுங்கள்.

"ஹாட் ஆப்ஸ்", "ஹாட் கேம்ஸ்" என்ற ஃபோல்டர்கள். முகப்புத் திரையில் ஏதோ ஏற்கெனவே ஏற்றிய ஆப் மாதிரி படங்கள் வரிசையாக நிற்கும். தொட்டால் இறங்கத் தொடங்கிவிடும். கண் மங்கிய பெரியவர்கள் போனில் பெரும்பாலும் இதுதான் குற்றவாளி. அப்பத்தா வாட்ஸ்அப் என்று நினைத்து எதையோ தொட்டிருப்பார். ஃபோல்டரைத் திறந்து அதன் பெயரையோ செட்டிங்ஸையோ தொட்டால் பரிந்துரைகளை நிறுத்தும் பொத்தான் இருக்கும். நிறுத்திவிட்டு ஃபோல்டரை நீக்குங்கள்.

பூட்டுத் திரை விளம்பரம். கிளான்ஸ் என்ற பெயரில் படமும் செய்தியும் மாறி மாறி வருவது. செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் பகுதியில் அணைக்கலாம்.

சாம்சங்கின் விலை குறைந்த மாடல்களில் ஆப் கிளவுட் என்று ஒன்று இருக்கலாம். அப்டேட் ஆனதும் "ஆப்ஸைத் தேர்ந்தெடுங்கள்" என்று நச்சரிக்கும். ஆப்ஸ் பட்டியலில் தேடி டிஸேபிள் செய்யுங்கள்.

ப்ளே ஸ்டோர் திறந்திருக்கும் போனில் மட்டும் வருவது ஒன்று உண்டு. வீட்டில் இரண்டு போனிலும் ஒரே கூகுள் கணக்கு இருந்து, ஒன்றில் ஏற்றியது மற்றதிலும் வரும். ப்ளே ஸ்டோருக்குள் ஆப்ஸை நிர்வகிக்கும் பக்கத்தில் மற்ற சாதனங்களோடு ஒத்திசைப்பதை அணையுங்கள். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கடைசி வாசல்தான் ஆபத்தானது: ஏபிகே கோப்பு. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும், தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும். ஆவணி முகூர்த்த சமயத்தில் யாருக்கும் சந்தேகமே வராது. போக்குவரத்து அபராதம், விவசாயி உதவித்தொகை, வங்கி கேஒய்சி என்ற பெயர்களிலும் வருகிறது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது ஆப். அதைத் தொடாதீர்கள்.

இந்த வாசலை மூட: செட்டிங்ஸ், ஆப்ஸ், சிறப்பு அனுமதிகள், "தெரியாத ஆப்ஸை நிறுவுதல்". ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. அதனால் ஒரு பொத்தானை அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. குரோம், வாட்ஸ்அப், டெலிகிராம், கோப்புகளைத் திறக்கும் ஆப், போனோடு வந்த பிரவுசர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து "அனுமதி இல்லை" என்று வையுங்கள். பெற்றோர் போனைக் கையில் எடுக்கும் போதெல்லாம் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று மகன்களிடமும் மகள்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ப்ளே ஸ்டோரை மூடிவிட்டு இதைத் திறந்து வைப்பது மூடாமலே இருப்பதைவிட மோசம். கூகுள் கொஞ்சமாவது சோதித்து வைத்திருக்கும் கடை மூடிக் கிடக்கும், யாரும் சோதிக்காதது உள்ளே வரும்.

*ஏபிகேவைத் தொட்டு ஏற்றியே விட்டார்கள் என்றால்*

இங்கே வரிசை முக்கியம். உடனே இணையத்தை அணையுங்கள், ஏரோப்ளேன் மோடே போடுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கையும் யூபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. மதுரை மாநகரிலும் புறநகர் மாவட்டத்திலும் சைபர் கிரைம் பிரிவுகள் தனித்தனியாக இருக்கின்றன, நேரிலும் போகலாம்.

அப்புறம்தான் போன். அந்த ஆப்பை நீக்கப் பாருங்கள். நீக்க விடாவிட்டால் செக்யூரிட்டி பகுதியில் "டிவைஸ் அட்மின்" பட்டியலில் அது இருக்கும், டிக்கை எடுத்துவிட்டு நீக்குங்கள். ஐகான் இல்லாமல் ஒளிந்திருந்தால் எல்லா ஆப்ஸ் பட்டியலில் தேடுங்கள். புகார் கொடுக்கும்வரை அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் போன போனைக் கடையில் கொடுத்து அவசரமாக ரீசெட் அடிக்கச் சொல்லாதீர்கள். தடயமும் சேர்ந்து போய்விடும்.

■ மூடிய பிறகு வாட்ஸ்அப், பணம் அனுப்பும் ஆப், வங்கி ஆப் தகராறு செய்கிறது

"இந்தப் பதிப்பு காலாவதியாகிவிட்டது, அப்டேட் செய்யவும்" என்று வந்தால் காரணம் வெளிப்படை. கடை மூடியிருப்பதால் அப்டேட் இறங்கவில்லை. வாட்ஸ்அப் பழைய பதிப்புகளைச் சில மாதங்களில் நிறுத்திவிடும். பண ஆப்ஸும் அப்படித்தான். ப்ளே ஸ்டோரை எனேபிள் செய்து, வைஃபையில் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அது முதலில் தன்னையே அப்டேட் செய்துகொள்ளும். அதற்குள் பொறுமையிழந்து அமுக்கினால் எரர் வரும். பிறகு தேவையான ஆப்பை மட்டும் அப்டேட் செய்துவிட்டு மூடுங்கள். மாதம் ஒரு நாள் இதைப் பழக்கமாக வைத்துக்கொண்டால் போதும்.

வங்கி ஆப் "இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல" என்றால்: சில ஆப்ஸ் போன் அசலா என்று கூகுள் வழியாகச் சரிபார்க்கும். அந்தச் சோதனை ஓட ப்ளே ஸ்டோர் போனில் இருக்க வேண்டும். அதை எனேபிள் செய்து பாருங்கள். அடுத்து டெவலப்பர் ஆப்ஷன்ஸ் அணைந்திருக்கிறதா பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் போன் ரூட் செய்யப்பட்டதாக இருக்கலாம். பழைய போன் வாங்கியவர்களுக்கு இது நடக்கும். அது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒரிஜினல் மென்பொருள் ஏற்ற வேண்டிய வேலை.

வங்கி ஆப்பின் அப்டேட்டை வேறு எந்த இணையதளத்திலிருந்தும் இறக்கி ஏற்றாதீர்கள். அப்பா ஒருவர் போனில் யூபிஐ மட்டும்தான் முக்கியம் என்றால், ஸ்டோரை அணைக்காமல் ஆப் லாக் போடுங்கள் என்பதே என் பரிந்துரை.

■ ப்ளே ஸ்டோரையே எடுத்துவிட்டேன், பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது

ஸ்டோரை அணைத்தாலும், ஆப்பையே நீக்கினாலும் சந்தா நிற்காது. அது போனில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

ஸ்டோரை எனேபிள் செய்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, பணமும் சந்தாவும் என்ற பகுதியில் சந்தாக்களைப் பாருங்கள். ஓடுவதை அங்கே ரத்து செய்யுங்கள். கம்ப்யூட்டரில் அதே கணக்கில் நுழைந்தும் இதைச் செய்யலாம், போனைத் தொடவே வேண்டாம். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து ஆட்டோபே அல்லது மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே கொடுத்த அனுமதி) என்ற பக்கத்தைப் பாருங்கள். ஏதோ ஒரு விளையாட்டுக்கு ஒரு ரூபாய் சோதனைச் சந்தா என்று பிள்ளை ஒப்புக்கொண்டது அங்கே நிற்கும். தானாகக் கழியும் பணத்துக்கு வங்கி 24 மணி நேரம் முன்னதாகவே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை பொதுவாக ஒவ்வொரு தடவையும் பின் கேட்காமலே கழியும். அந்த முன்தகவல் எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் விடுவதால்தான் இது மாதக் கணக்கில் ஓடுகிறது.

பிள்ளை தெரியாமல் வாங்கியது என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், அதற்குள் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். இனி நடக்காமல் இருக்க, ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். இரண்டு இடத்திலும் இல்லாத கழிவு என்றால் வங்கிக் கிளைக்குப் போங்கள். போன் மெக்கானிக்கால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

■ திரும்பத் திறந்தால் டவுன்லோட் "பென்டிங்" என்றே நிற்கிறது

இந்த வரிசையில் பாருங்கள், சரியானதும் நிறுத்திவிடுங்கள். வரிசையில் முன்னால் வேறு ஆப் இறங்கிக்கொண்டிருக்கிறதா? "வைஃபையில் மட்டும்" என்று வைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயல்கிறீர்களா? இடம் 1 ஜிபிக்குக் கீழே போய்விட்டதா? தேதி, நேரம் தானாக அமைவதாக இருக்கிறதா? விபிஎன் (இணையத்தை வேறு வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப்) ஓடுகிறதா?

அடுத்தது பலர் விட்டுவிடும் ஒன்று. ஆப்ஸ் பட்டியலில் "சிஸ்டம் ஆப்ஸையும் காட்டு" என்று கொடுத்து "டவுன்லோட் மேனேஜர்" என்பதைத் தேடுங்கள். ஸ்டோரை அணைத்த வேகத்தில் அதையும் யாராவது அணைத்திருப்பார்கள். அது உறங்கினால் எதுவும் இறங்காது.

அதுவும் சரியாக இருந்தால் ப்ளே ஸ்டோரின் கேஷையும் (தற்காலிகமாகச் சேர்த்து வைத்த கோப்புகள்) டேட்டாவையும் அழியுங்கள், அப்டேட்களை நீக்குங்கள், ரீஸ்டார்ட். கடைசி முயற்சியாகக் கூகுள் கணக்கை எடுத்துவிட்டு மீண்டும் சேர்க்கலாம், பாஸ்வேர்டு கையில் இருந்தால் மட்டும்.

■ ஐகானையே காணவில்லை

செட்டிங்ஸில் எல்லா ஆப்ஸ் பட்டியலைத் திறந்து தேடுங்கள். அங்கே இருந்து "எனேபிள்" என்று காட்டினால் தட்டுங்கள். எனேபிளாகவே இருந்தால் முகப்பில் மட்டும் மறைத்திருக்கிறார்கள். சாம்சங்கில் முகப்புத் திரை செட்டிங்ஸில் "ஆப்ஸை மறை" பக்கத்தில் கிடக்கும்.

சிஸ்டம் ஆப்ஸைக் காட்டச் சொன்ன பிறகும் பட்டியலில் இல்லை என்றால் கம்ப்யூட்டர் வழியாக எடுத்திருக்கிறார்கள், அல்லது வெளிநாட்டுப் பதிப்பு மென்பொருள் உள்ள போன். முதலாவது என்றால் எடுத்தவரே ஒரு கட்டளையில் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். இரண்டாவது என்றால் வாங்கிய இடத்திலேயே கேளுங்கள். 2019க்குப் பிறகு வந்த பெரும்பாலான ஹுவாவே மாடல்களில் ப்ளே ஸ்டோர் முதலிலிருந்தே கிடையாது. அதைத் தேடி அலைய வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் ப்ளே ஸ்டோர் ஏபிகேவை ஏற்றிப் பார்க்கவும் வேண்டாம்.

■ இடம் கிடைக்கும் என்று எடுத்தேன், கிடைக்கவில்லை

கிடைக்காது. ப்ளே ஸ்டோர் பிடிக்கும் இடம் சொற்பம். வாட்ஸ்அப்பின் வீடியோக்களைப் பாருங்கள்.

■ ஐபோன், ஐபேட்

ஆப் ஸ்டோரை நீக்க ஆப்பிள் விடாது. ஐகானை அழுத்திப் பிடித்தால் முகப்பிலிருந்து மட்டும் போகும், தேடினால் வந்துவிடும். ஆனால் இங்கே உண்மையான பூட்டு இருக்கிறது: செட்டிங்ஸ், ஸ்கிரீன் டைம், உள்ளடக்கமும் தனியுரிமையும் பற்றிய கட்டுப்பாடுகள், ஆப் ஸ்டோர் வாங்குதல்கள், அதில் "ஆப்ஸை நிறுவுதல்" என்பதை அனுமதிக்காதே என்று வையுங்கள். ஆப் ஸ்டோரே மறைந்துவிடும். ஸ்கிரீன் டைமுக்குத் தனி நான்கு இலக்க எண் வைத்தால்தான் பூட்டு முழுமை. மறைந்திருக்கும்வரை அப்டேட்டும் வராது என்பதால் இங்கேயும் மாதம் ஒரு தடவை திறந்து மூட வேண்டும்.

ஆப் ஸ்டோர் தானாகவே காணாமல் போய்விட்டது என்று வருகிறவர்களுக்கும் விடை அதே பக்கத்தில்தான். அங்கே எல்லாம் அனுமதியாக இருந்தால் செட்டிங்ஸ், ஜெனரல், விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட் என்ற இடத்தில் அலுவலகம் அல்லது பள்ளியின் புரொஃபைல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர்களிடம்தான் போக வேண்டும். ஸ்கிரீன் டைம் எண் மறந்துவிட்டால், அதை வைக்கும்போது கொடுத்த ஆப்பிள் கணக்கின் மூலம் மாற்றலாம். அந்தக் கணக்கும் தெரியாவிட்டால் ஆப்பிளின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு, வாங்கிய பில்லோடு.

■ எதுவும் முடியாமல் ரீசெட் அடிக்கப் போகிறீர்கள் என்றால்

ரீசெட் அடித்தால் ப்ளே ஸ்டோர் உட்பட எல்லாம் முதலிலிருந்து வந்துவிடும். ஆனால் ஆண்ட்ராய்டு 5.1 முதல், போனைத் திறக்காமல் பொத்தான்களைப் பிடித்து ரீசெட் அடித்தால், முன்பு இருந்த கூகுள் கணக்கையோ திரைப் பூட்டையோ கேட்கும். தெரியாவிட்டால் போன் அங்கேயே நின்றுவிடும். கடைக்கு வருகிற டேப்களில் பல இப்படி நின்றவைதான். பெரும்பாலும் பெரியப்பா வாங்கித் தந்தது, அவர் கணக்கு, அவர் இப்போது துபாயிலோ திருப்பூரிலோ இருப்பார்.

அதனால் போட்டோவையும் தொடர்புகளையும் பேக்கப் எடுங்கள், வாட்ஸ்அப் பேக்கப் இன்றைய தேதியில் இருக்கிறதா என்று பாருங்கள், கூகுள் கணக்கில் வேறொரு போனில் நுழைந்து பார்த்து பாஸ்வேர்டு சரிதான் என்று உறுதி செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் கொடுங்கள். ஏற்கெனவே நின்றுவிட்டது என்றால், முதலில் அந்தக் கணக்கின் சொந்தக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். அவர் பாஸ்வேர்டை மீட்டால் செலவே இல்லை. முடியாவிட்டால் பில், பெட்டி, அடையாள அட்டையோடு அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பில் கேட்காமலே உடைத்துத் தருகிறோம் என்கிற கடைகளில் திருட்டுப் போனையும் உங்கள் போனையும் ஒரே மேஜையில்தான் வைத்திருப்பார்கள். அங்கே கொடுக்காதீர்கள்.